9 வார ஸ்கேன்ல குடல் வெளிய தெரியுதுன்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, அம்பாசமுத்திரத்துல எடுத்த 9 வார ஸ்கேன்ல பிள்ளையோட குடல் தொப்புள்கொடிக்குள்ள தள்ளி நிக்குன்னு சொன்னாவ, ராத்திரி பூரா தூங்கலன்னு எழுதியிருக்கீய, மனசு கேக்கல அதான் ஒடனே எழுதுதேன். இந்த வாரத்துல அது எல்லாப் பிள்ளைக்கும் நடக்குறதுதாம்மா. ஈரல் மளமளன்னு பெருத்து வயித்த அடைச்சிக்கிடும், குடலும் வேகமா நீளும், உள்ள எடம் பத்தாது, அதனால கொடிக்குள்ள போயி வளந்து, மொத்தம் 270 டிகிரி சுத்தித் திரும்பி அதது எடத்துல வந்து உக்காரும், நெனச்சாலே எனக்குப் புல்லரிக்கும். கடைசி மாதவிலக்குல இருந்து எண்ணி 12 வாரத்துக்குள்ள பெரும்பாலும் உள்ள போயிரும். 12 வாரம் முடிஞ்சதும் மறு ஸ்கேன் மட்டும் விட்டுராதீய, அப்பவும் வெளிய இருந்தா, இல்ல ஈரலும் சேந்து வெளிய தெரிஞ்சா, தள்ளிப் போடாம பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுல இருக்க அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போயி காட்டுங்க.