எல்லாம் பச்சை, ஆனாலும் கார் நேராகப் போகவில்லை

தம்பி, விசா, வாடகை, குளிர் என்று கேட்பவர்களுக்கு நடுவே ஒருவர் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது, பற்றிக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: வந்த வருஷமே ஆசைப்பட்டு ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, வாங்கிவிட்டீர்கள், முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்ததால் நாலையும் புதிதாகப் போட்டு அலைன்மென்ட்டும் செய்தாயிற்று, கடையில் கொடுத்த தாளில் எல்லாம் பச்சை, அதாவது வரம்புக்குள், ஆனால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது, நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. இங்கே வேலையே இப்படித்தானா, புதுசு என்று தெரிந்து ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கிறீர்கள்.

ஏமாற்றியிருக்க மாட்டார்கள். நீங்கள் "அலைன்மென்ட்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள், அந்த வார்த்தைக்கு அவர்கள் விலைப்பட்டியலில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தார்கள், பெரும்பாலும் முன் சக்கரத்தின் டோ மட்டும். மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்தான் டோ. இங்கே வண்டி உள்ளே போனதும் நாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம், பக்கத்தில் நின்று "அண்ணே, அந்த போல்ட்டையும் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல வழியில்லை. வேலைத்தாளில் எழுதாதது நடக்காது. இது பழக எல்லோருக்கும் கொஞ்ச காலம் ஆகும், காருக்கு மட்டுமல்ல.

முதலில் அந்த இழுவையைப் பார்ப்போம், ஏனென்றால் அது அலைன்மென்ட்டாகவே இல்லாமல் இருக்கலாம். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். இடது பக்கம் ஓட்டிப் பழகியவர் நீங்கள், இப்போது வலது பக்கம் ஓட்டுகிறீர்கள், சரிவும் பக்கம் மாறிவிட்டது. லேசாக வலதுபுறம் சாய்வது இயல்பு. சமதளமான ஒரு காலி இடத்தில், காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் பக்கம் மாற்றக் கூடாது, முன்னால் இருப்பதை அதே பக்கத்தில் பின்னால் போடுங்கள், உங்கள் வண்டியில் நாலும் ஒரே அளவுதானே. இழுவை பக்கம் மாறினாலோ போய்விட்டாலோ குற்றவாளி டயர். புது டயரிலும் இது வரும். இன்னொன்று, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ரிம்களின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு முன் சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்வும் பாகம், விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு செய்கிற வேலை அது.

உப்பு என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் காரில் முன்னாலும் பின்னாலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் லோயர் ஆர்மிலும் (கீழ் ஆர்ம்) இரண்டு கேம் போல்ட், அதாவது திருப்பினால் ஆர்மைச் சற்றே நகர்த்தும் போல்ட், என்று மொத்தம் 8 இருக்கும். முன்னால் அவற்றைத் திருப்பித்தான் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு, மேல்முனை உள்ளே சாய்ந்தால் மைனஸ்), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இரண்டையும் அமைக்க வேண்டும், டோ மட்டும் டை ராடில், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டில். பின்னால் கேம்பர், டோ இரண்டுமே அந்த போல்ட்களில்தான். சாதாரணக் காரில் பாதிக்கு மேல் மாற்றவே முடியாது, இதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றலாம், அதற்காகவே நான் இந்தக் காரை மதிக்கிறேன். ஆனால் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த போல்ட்கள், ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவேறி ஒன்றாகிவிடும். டயர் கடையில் ஒரு காருக்கு ஒதுக்கும் நேரத்தில் யாரும் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். பின்பக்கம் அசையவில்லையா, சரி, டை ராடைத் திருகி முன் டோவைப் பச்சைக்குள் கொண்டுவந்துவிட்டு அடுத்த கார்.

ஸ்டியரிங் கோணலுக்கும் காரணம் இதில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அதுதான் வண்டி போக நினைக்கும் திசை. அது வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகினால், நேராகப் போக நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தே ஆக வேண்டும். அதனால் எப்போதும் பின்பக்கத்தை முதலில் அமைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, அப்புறம்தான் முன்பக்கம். அந்த விலகலுக்குத்தான் த்ரஸ்ட் ஆங்கிள் என்று பெயர், உங்கள் தாளில் அப்படி ஒரு வரி இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யமாகவே இருந்தால் டை ராடை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது சின்ன வேலை.

அந்தப் பச்சையை ரொம்ப நம்ப வேண்டாம். தயாரிப்பாளர் கொடுக்கும் வரம்பு அகலமானது. அதற்குள் இடது சக்கரம் ஒரு முனையிலும் வலது சக்கரம் மறுமுனையிலும் நின்றாலும் இரண்டும் பச்சைதான், வண்டி இழுக்கத்தான் செய்யும். கேம்பர் எந்தப் பக்கம் அதிகம் பாசிட்டிவாக (அல்லது குறைவான மைனஸாக) இருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும், காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். எனவே நிறத்தை விட்டுவிட்டு இடம் வலம் வித்தியாசத்தைப் படியுங்கள். எண்கள் டிகிரியிலும் மினிட்டிலும் இருக்கும், ஒரு டிகிரிக்கு 60 மினிட். 1.30 என்று தசமத்தில் போட்டிருப்பதும் 1 டிகிரி 30 மினிட் என்பதும் வேறு வேறு, எத்தனையோ பேர் இதில் குழம்புகிறார்கள்.

சாலையில் மட்டும் ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது: முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரிக்குப் பக்கம், பின்னால் அதைவிடக் கால் அல்லது அரை டிகிரி கூடுதலாக மைனஸ், காஸ்டர் இரண்டு பக்கமும் சமமாக 5 டிகிரி அளவில், முன் டோ பூஜ்யம், பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 5 முதல் 10 மினிட் உள்நோக்கி. பின் டோ வெளிநோக்கிப் போகவே கூடாது, ஈரச் சாலையில் வால் சுழன்றுவிடும். மைனஸ் கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், இந்த அளவுக்கு அது ஒன்றும் செய்யாது. உங்கள் பழைய டயரின் உள்விளிம்பைத் தின்றது பெரும்பாலும் வெளிநோக்கிய டோ. அந்த டயர் இன்னும் இருந்தால் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள், ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் உறுத்தினால் டோதான்.

வேலைக்குக் கொடுக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: பின்பக்கமும் அமைப்பீர்களா, கேம் போல்ட் இறுகியிருந்தால் கழற்றுவீர்களா அல்லது புதிது போடுவீர்களா, முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் தாள் தருவீர்களா, நான் கேட்கும் எண்களுக்கு அமைப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு "தொழிற்சாலை அளவு மட்டும்" என்று பதில் வந்தால் அவர்களிடம் சண்டை போடாதீர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் போகும் சின்னப் பட்டறையைத் தேடுங்கள். காசு கூடத்தான் ஆகும். நல்ல பட்டறைக்காரர் இயந்திரத்தில் ஏற்றும் முன்பே சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பார், ஏனென்றால் பால் ஜாயின்டிலோ (சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) டை ராட் முனையிலோ ஆட்டம் இருந்தால் எந்த எண்ணை அமைத்தாலும் நிற்காது. ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்குப் பாரம் வைக்கச் சொல்லுங்கள், டாங்க் பாதியாவது இருக்கட்டும். ஒரு டன்னைச் சற்றே தாண்டும் வண்டிக்கு ஒரு ஆளின் எடை பெரிய விஷயம். சிரித்தால் சிரிக்கட்டும்.

குளிர்கால டயருக்கு மாற்றும்போதெல்லாம் அலைன்மென்ட் செய்யத் தேவையில்லை, கோணங்கள் இருப்பது சஸ்பென்ஷனில், டயரில் இல்லை. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பேலன்சிங், தனி வேலை.

அப்புறம், கேள்வியின் கடைசியில் ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தும் ஆசை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மேலே சொன்ன அலைன்மென்ட் வேலையை இப்போது செய்யாதீர்கள். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறிவிடும். முதலில் ஸ்பிரிங்கைப் போடுங்கள், புஷ் போல்ட்களைச் சக்கரம் தரையில் ஊன்றிய நிலையில்தான் இறுக்கச் சொல்லுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.