பிணை கிடைத்தும் தம்பி உள்ளேயே இருக்கிறாரா?

தங்கச்சி, மணல் ஏற்றிய வழக்கில் தம்பிக்கு நீதவான் பிணை கொடுத்தும், இரண்டு பிணையாள் கிடைக்காமல் ஒன்றரை மாதமாக விளக்கமறியலில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மச்சானுக்கும் கிளிநொச்சியில் இதே கதைதான். பெரியப்பா பிணை நிற்க வந்தார். அவருடைய வதிவிடச் சான்றிதழில் கிராம அலுவலர் கையெழுத்து இருந்தது, பிரதேச செயலாளர் ஒப்பம் இல்லை. அன்றைக்கு விடவில்லை. வெள்ளிக்கிழமை வேறு, திங்கள் வரைக்கும் மச்சான் முறை வைத்துப் படுத்தார், அவ்வளவு நெரிசல். முதலில் அந்தக் கடதாசியைச் சரிபாருங்கள்.

பிணையாளே இல்லையென்றால் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம், அதாவது நீதிமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டு, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணையைத்தான் பொது விதியாக வைக்கிறது, மறுப்பது விதிவிலக்கு. காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். நீதிமன்ற வாசலில் “நான் பிணை எடுத்துத் தாறன்” என்று காசு கேட்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். வழக்கின் அடுத்த தவணை எப்போது? தேதியையும் பிணைத் தொகையையும் எழுதுங்கள், பார்ப்போம்.