புளியமரத்துக் கிணறு எது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் 1998 முதல் கிணற்றுநீர் ஃப்ளோரைடு அளவுகளை எழுதி வைத்திருக்கிறோம். மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி தர ஆசை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் போதுமா?
– ஓர் ஆசிரியை, பாலக்கோடு

பதில்: போதாதுங்க டீச்சர். முதலில் பிடிக்க வேண்டிய ஆள், அன்று பாட்டிலோடு கிணறு கிணறாக அலைந்த லேப் அசிஸ்டன்ட். ரிட்டயர் ஆகியிருந்தாலும் வீட்டுக்கே போய்க் கூட்டி வாருங்கள். என் பழைய நோட்டில் ‘புளியமரத்துக் கிணறு’ என்றுதான் இருக்கிறது. அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புளியமரம்! தவிர, சோதனையில் ஃப்ளோரைடு தென்படவில்லை என்றால் நான் 0 போட்டேன், கூட்டாளி கட்டத்தைக் காலியாக விட்டார். சராசரி போட்டபோது மானம் போனது.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் ‘தர்மபுரி’ என்று எழுதிய கிணறு ஓசூரிலும் இருக்கலாம். இதைப் பிரிக்க ஊர் வழி தெரிந்தவர் வேண்டும்.

அப்புறம் உங்கள் நூலகர். தலைப்பு, அலகு, அளந்த முறை, உரிமம் (யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது) எல்லாம் எழுதி, எப்போதும் தேடி எடுக்க உதவும் நிலையான அடையாள எண்ணோடு இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுவது அவர் கைவந்த வேலை. அந்த 0, காலிக் கட்டக் குழப்பத்தைத் தீர்க்கப் புள்ளியியல் ஆள் ஒருவர். கிணற்றுக்காரர் பெயரை மறைத்துவிடுங்கள்.

பையன்? கடைசியில் வரட்டும்.