ரூட்டர் கடைசல் மெஷினில் கட்டையைப் பிடிப்பது, மையம் எடுப்பது: கேள்வி பதில்

கட்டை இரண்டு சென்டர்களுக்கு (முனையைப் பிடிக்கும் கூர்முனைகள்) நடுவே கைப்பிடியால் சுழல, மேலே ரூட்டர் (வேகமாகச் சுழலும் பிட்டால் மரம் வெட்டும் கருவி) வண்டியில் ஓடும் மெஷின் பற்றி மட்டும் கேளுங்கள்.

கே: அண்ணே, 75 மி.மீ. சதுரத் தேக்கில் மேஜைக் கால். மேலே சதுரம், கீழே கடைசல். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் தோள் அகலம், எதிர்ப்பக்கம் ஒடுக்கம். ஏன்?

ப: மையம் விலகியிருக்கிறது தம்பி. 1 மி.மீ. விலகினால் எதிரெதிர் முகங்களில் 2 மி.மீ. வித்தியாசம் காட்டும். முழுக்க உருட்டிவிடும் தூணில் இது தெரியாது. சதுரம் மிஞ்சும் காலில் உடனே கண்ணில் படும்.

மூலைக்கு மூலை கோடு போடுவது, கட்டை உண்மையிலேயே சதுரமாக இருந்தால்தான் சரிவரும். முதலில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு, ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் மார்க்கிங் கேஜைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்து, நாலு பக்கத்திலிருந்தும் கோடு இழுங்கள். நடுவே குட்டிக் கட்டம் விழும். அதன் நடுதான் மையம். ஆணியால் குத்தாதீர்கள், அதன் முனை மரத்தின் மென்மையான வளர்ச்சி வளையத்துக்குள் நழுவும். நடுமுனை உள்ள மர டிரில் பிட்டால் குழி போடுங்கள்.

மாட்டியபின் ஒரு சோதனை. ரூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கட்டை திரும்பாமல் நிறுத்தும் இன்டெக்ஸ் ஊசியைப் பூட்டி, பிட் முனைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசும்படி பிட்டை இறக்குங்கள். வண்டியைக் கட்டைக்கு வெளியே தள்ளி, கட்டையை அரைச் சுற்று திருப்பி, மறுபடி பூட்டி, வண்டியைக் கொண்டுவாருங்கள். கார்டு அதே மாதிரி உரச வேண்டும். நாலு முகம், இரண்டு முனை, எல்லாம் பாருங்கள்.

வண்டியை ஏன் வெளியே தள்ளச் சொல்கிறேன்? 75 மி.மீ. சதுரத்தில் முகம் மையத்திலிருந்து 37.5 மி.மீ.; மூலை 53 மி.மீ. முகத்துக்கு வைத்த பிட்டில் மூலை 15 மி.மீ. ஆழத்துக்கு மோதும். ரூட்டர் ஓடும்போது இது நடந்தால் கட்டை பறக்கும்.

கே: முறுக்குத் தூணில் (சுருள் பள்ளம் ஓடும் தூண்) இரண்டாம் ஓட்டத்தில் பிட் பழைய பள்ளத்தில் விழ மாட்டேன் என்கிறது.

ப: ஹெட்ஸ்டாக் பக்கம், அதாவது கைப்பிடி சுழற்றும் முனையில், கட்டை நழுவுகிறது. 60 மி.மீ. விட்டத்தில் 1 டிகிரி நழுவினால் மேற்பரப்பில் அரை மி.மீ. நாலு பல் சென்டரை நம்பாமல், தட்டு வைத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். கட்டையையும் வண்டியையும் இணைக்கும் கியரில் தளர்வு இருந்தாலும் இப்படி வரும். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து வெட்டத் தொடங்குங்கள்.

கே: டெயில்ஸ்டாக்கில் (எதிர் முனையில்) டெட் சென்டர் (சுழலாத கூம்பு) போதும் என்று முன்பு சொன்னீர்கள். லேத்தில் வேலை பார்ப்பவன் நான். அது கட்டையைக் கருக்கிவிடும். பேரிங்கில் சுழலும் லைவ் சென்டர்தான் போடணும்.

ப: லேத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே கட்டை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேலே போகும். இங்கே கட்டை கை வேகத்தில் மெல்லச் சுழல்கிறது. 20,000 சுற்றில் ஓடுவது பிட். எதனால் கருகும்? பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அது அப்படியே கட்டையில் அலையாகப் பதியும். கூம்பில் கொஞ்சம் மெழுகு தடவினால் போதும்.

கே: நல்ல பேரிங் என்றால்?

ப: தாராளமாகப் போடுங்கள். ஆட்டமில்லாத பிடிதான் எனக்கு வேண்டும், பெயர் முக்கியமில்லை. ஆனால் லேத் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். ஒல்லியான நீளக் கட்டை வளைகிறது என்று டெயில்ஸ்டாக்கை மேலும் மேலும் முடுக்குகிறார்கள், அதனால் இன்னும் வளைகிறது. நடுவில் தாங்கி வைத்து, ஓட்டத்துக்கு 2, 3 மி.மீ. மட்டும் எடுங்கள்.

கே: இன்டெக்ஸ் ஊசி விழும் 24 துளைத் தகட்டில், சம இடைவெளியில் 5 பள்ளம் வருமா?

ப: வராது. 2, 3, 4, 6, 8, 12, 24 வரும்.

கே: ஐயா, சதுரக் கட்டைக்கு மையம் எப்படி எடுப்பது?

ப: முதல் பதில்.

கே: எந்த ரூட்டர் வாங்கலாம்?

ப: இங்கே வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

கே: சுவரில் ஒட்டும் அரைத்தூணுக்கு இரண்டு பாதியை நடுவில் காகிதம் வைத்து ஒட்டியிருக்கிறேன். மையம் சரியாக இணைப்புக் கோட்டில் விழுகிறது.

ப: விழத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஸ்க்ரூவோ கூம்போ நேராக இறங்கினால் ஆப்பு அடித்த மாதிரி பிளக்கும். இரண்டு முனையிலும் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து, பாதிக்கு இரண்டு ஸ்க்ரூவாக முடுக்கி, மையத்தை அந்தத் துண்டில் எடுங்கள். ஸ்க்ரூ தலைகள் பிட் ஓடும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். அதைப் பார்ப்பதற்கு முன் ரூட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள்.