அப்பா சொன்னதாக அண்ணன் சொல்கிறார்

கேள்வி: அண்ணனும் நானும் பல வருஷமாகப் பேசுவதில்லை. சில மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். இப்போது அத்தை மூலமாக அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "தங்கச்சியோடு சமாதானமாகப் போ என்று அப்பா கடைசியில் என்னிடம் சொன்னார்." கடைசி நாட்களில் அப்பா பக்கத்தில் இருந்தது நான்தான். அவருக்குப் பேச்சே வரவில்லை. சமீபத்தில் ஆலயத்தில் ஆதியாகமத்தின் கடைசி அதிகாரம் வாசித்தார்கள். யோசேப்பின் அண்ணன்மாரும் இதையேதான் செய்கிறார்கள்! போதகர் அதைத் தொடாமலே போய்விட்டார். அது யூதர்களின் வேதம்தானே, அவர்கள் இதைப் பொய் என்று ஒத்துக்கொள்கிறார்களா? "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அண்ணனிடம் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: ஒத்துக்கொள்கிறார்கள். மழுப்பாமல், நேராகவே.

யூத ஜெப ஆலயங்களில் தோராவை, அதாவது வேதத்தின் முதல் ஐந்து நூல்களை, வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வருஷம் முழுக்க வாசிப்பார்கள். ஆதியாகமத்தின் கடைசிப் பகுதிக்கு 'வாயெஹி' என்று பெயர். 47ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தில் தொடங்குகிறது. எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து 147 வயதில் யோசேப்பின் அப்பா யாக்கோபு கண்மூடுவதும், எபிரோனில் உள்ள மக்பேலா குகையில் அடக்கமாவதும் இதில்தான். பேரப்பிள்ளைகள் எப்பிராயீம், மனாசே தலையில் கையை மாற்றி வைத்து ஆசீர்வதிப்பதும் இதில்தான் வருகிறது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை இரவு யூத வீடுகளில் மகன்களை "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்" ஆகும்படி வாழ்த்துகிறார்கள். பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த மரணப்படுக்கையோடு நின்றுவிடும். உங்கள் கேள்வி அடக்கம் முடிந்து எல்லோரும் எகிப்துக்குத் திரும்பிய பிறகு ஆரம்பிக்கிறது.

அப்பா போய்விட்டார், முன்பு குழியில் தள்ளி விற்றதற்கு இனி யோசேப்பு பழிவாங்குவான் என்று அண்ணன்மாருக்குப் பயம். "உம்முடைய தகப்பன் மரிக்குமுன்னே இப்படிக் கட்டளையிட்டார், மன்னித்துவிடும்" என்று ஆள் அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, யூதர்கள் முதலில் புரட்டும் உரைக்காரர், இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்: சமாதானத்துக்காக மாற்றிச் சொன்னார்கள், யாக்கோபு அப்படிச் சொல்லவில்லை, ஏனென்றால் யோசேப்பின் மேல் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பழைய ரபீகளின், அதாவது யூத ஆசான்களின், சட்ட விவாதத் தொகுப்பான தால்மூதில் எபாமோத் என்ற பகுதி இதையே சட்டமாக்குகிறது: சமாதானத்தின் பொருட்டு ஒரு விஷயத்தை மாற்றிச் சொல்லலாம். அனுமதிதான் என்கிறார் ஒரு ரபீ, கடமையே என்கிறார் இன்னொருவர். அங்கே காட்டும் இன்னொரு சாட்சி சாராள். "என் ஆண்டவனும் முதிர்ந்தவர்" என்று அவள் மனசுக்குள் சிரித்தாள். கடவுள் அதை ஆபிரகாமிடம் சொல்லும்போது, "நான் கிழவியாயிருக்கிறேன்" என்று சாராள் சொன்னதாக மாற்றிவிட்டார். கணவன் மனைவிக்குள் சண்டை மூட்டக் கடவுளுக்கே விருப்பமில்லை!

ஆனால் எனக்குச் சுவாரசியம் அந்தப் பொய்யில் இல்லை. அது எதற்குத் தேவைப்பட்டது? 17 வருஷம் ஒரே நாட்டில், யோசேப்பு போட்ட சோற்றில் வாழ்ந்தவர்கள். அப்புறமும் ஏன் இந்தப் பயம்? வேதக் கதைகளை விரித்துச் சொல்லும் பழைய யூத உரைகளான மித்ராஷில் இதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. அப்பா இருந்தவரை யோசேப்பு அண்ணன்மாரைத் தன் பந்தியில் உட்கார வைத்தான், அவர் போனதும் கூப்பிடவில்லை என்பது ஒன்று. அவன் நினைத்தது வேறு: அப்பா சொன்னதால் மூத்த ரூபனுக்கும், அரச வம்சம் வரப்போகிற யூதாவுக்கும் மேலே உட்கார்ந்தேன், இனி அது முறையில்லை. மரியாதைக்காக ஒதுங்கியவனை வெறுத்து ஒதுக்குகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கதையில், அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் யோசேப்பு தன்னைத் தள்ளிய குழியை எட்டிப் பார்த்தான். உயிர் தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் பார்த்தான். தூரத்தில் நின்ற அண்ணன்மார் கணக்குத் தீர்க்கப் போகிறான் என்று நடுங்கினார்கள். இரண்டிலும் யோசேப்பின் மேல் குற்றம் இல்லை. என்ன நினைக்கிறான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஒரு மௌனத்தை 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜிரோனாவில் வாழ்ந்த உரைக்காரர் ராம்பான் எடுத்துக் காட்டுகிறார். பிள்ளைகளே தம்பியை விற்றார்கள் என்பது யாக்கோபுக்குக் கடைசிவரை தெரியாது என்கிறார் அவர். அப்பா சபிப்பார் என்று அண்ணன்மார் சொல்லவில்லை. நல்ல பண்பினால் யோசேப்பும் சொல்லவில்லை. ஆதாரம் என்ன என்றால், நம்முடைய இந்த வசனம்தான். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே காலில் விழுந்து, யோசேப்பிடம் சொல்லி வைக்கும்படி கேட்டிருப்பார்களே, செத்த பிறகு ஏன் கட்டளை ஜோடிக்க வேண்டும்? ராஷி இப்படி நினைக்கவில்லை. மரணப்படுக்கையில் தன் மகன்கள் சிமியோனையும் லேவியையும் யாக்கோபு திட்டுகிற இடத்தில், யோசேப்பைக் கொல்லப் பார்த்ததும் சேர்த்துத்தான் திட்டுகிறார் என்று உரை எழுதுகிறார். எனக்கு ராம்பான் சொல்வதுதான் வீடு மாதிரி இருக்கிறது. விற்று 39 வருஷம் ஆகியும் யாரும் அதை அப்பா எதிரில் பேசவில்லை. அவர் போனதும் அவர் பெயரிலேயே பேச வேண்டியதாயிற்று.

இனி உங்கள் அண்ணன். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லாதீர்கள். அவர் சமாதானம் கேட்கிறார். தன் வாயால் கேட்க வெட்கம், அதனால் அப்பாவை முன்னால் நிறுத்துகிறார். யோசேப்பும் "அப்பா எப்போது சொன்னார், யார் சாட்சி" என்று குறுக்கு விசாரணை செய்யவில்லை. செய்தி வந்ததும் அழுதான். அப்புறம் அண்ணன்மார் நேரிலேயே வந்து விழுந்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் யோசேப்பைப் பின்பற்ற வேண்டாம் என்பேன். "நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக மாற்றினார், பயப்படாதீர்கள், உங்களைப் பராமரிப்பேன்" என்றெல்லாம் அழகாகப் பேசினான். அவர்கள் கேட்டது மன்னிப்பு. "மன்னித்தேன்" என்ற ஒரு வார்த்தை அந்தப் பேச்சில் இல்லை. ஸ்பெயினின் சரகோசாவில் வாழ்ந்த இன்னொரு உரைக்காரர் ரபேனு பஹ்யா இதைப் பிடித்துக்கொண்டு, அண்ணன்மார் அந்தப் பாவத்தோடேயே செத்தார்கள் என்று எழுதினார். கடுமையான வாசிப்புதான். ஆனால் வசனத்தைத் திரும்பப் படியுங்கள், அவர் சொல்வது போலத்தான் இருக்கிறது.

அதனால் அத்தையிடம் பதில் சொல்லி அனுப்பாதீர்கள், நீங்களே போன் செய்யுங்கள். மன்னிக்க மனசு இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் சொல்லலாம்: "இன்னும் ஆறவில்லை அண்ணா, ஆனால் பேசிக்கொள்ளலாம்." எந்த வருத்தத்தில் பேச்சு நின்றதோ, அதை முதல் நாளே இழுக்க வேண்டாம், ஆனால் ராம்பானின் யாக்கோபு வீடு மாதிரி புதைத்தும் வைக்காதீர்கள்.

கடிதத்தில் சொத்து பற்றி ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தால்மூத் கொடுத்த அனுமதி சமாதானத்துக்கு மட்டும்தான். "வீட்டை எனக்கே விடச் சொன்னார் அப்பா" என்று அடுத்த செய்தி வந்தால் கதை வேறு. அப்போது குறுக்கு விசாரணை தாராளமாகச் செய்யலாம், ஒரு வக்கீல் படித்துப் பார்க்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.