ஆங்கிலத்தில் ‘ஃபால்’ என்னும் வினைச்சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு ஏன் இத்தனை பொருள்கள்?

‘ஃபால்’ என்றால் ‘விழு’ என்று பள்ளியில் படித்தோம். ஆனால் நோயுறுவதற்கும், உறங்கிப்போவதற்கும், காதல் கொள்வதற்கும், தவணை நாள் வருவதற்கும், இலையுதிர் காலத்துக்கும்கூட ஆங்கிலேயர் அதே சொல்லை ஆள்வது ஏன் என்பது உங்கள் கேள்வி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருப்பதால் இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. என் கணிப்பில், இச்சொல்லின் உயிர் ‘கீழ்நோக்கிய இயக்கம்’ என்பதில் இல்லை. ‘தன் வசத்தில் இல்லாமை’ என்பதில்தான் இருக்கிறது. படியில் இறங்குபவரைப் பற்றி ‘டிசெண்ட்’ என்று சொல்லலாம், ‘ஃபால்’ என்று சொல்ல முடியாது. இருவரும் கீழேதான் வருகிறார்கள் என்றாலும், இறங்குபவர் தன் கால்களை ஆள்கிறார், விழுபவர் ஆளவில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் தாமே விளங்கிவிடும்.

முதலில் பிறப்பு. இது ஆங்கிலம் கடன் வாங்கிய சொல் அன்று. அதன் சொந்தக் குடும்பச் சொல். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஃபெயல்லன்’ என்று வழங்கியது. ஜெர்மானியரின் ‘ஃபாலன்’, டச்சுக்காரரின் ‘வாலன்’, சுவீடன் நாட்டவரின் ‘ஃபல்லா’ ஆகியவை அனைத்தும் உடன்பிறப்புகள். இம்மொழிகளெல்லாம் அடங்கிய ஜெர்மானியக் கிளைக்கு வெளியே லித்துவேனிய மொழியின் ‘புல்தி’ என்னும் சொல்லை இதன் உறவாகக் கருதுகின்றனர். அதற்கும் பொருள் விழுதல் என்பதே. ‘ப’ எப்படி ‘ஃப’ ஆயிற்று என்று வியக்க வேண்டியதில்லை. இலத்தீனின் ‘பாத்தர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆகவும், ‘பிஸ்கிஸ்’ என்ற மீன் ‘ஃபிஷ்’ ஆகவும் நிற்பதற்குக் காரணமான அதே ஒலிமாற்றம்தான் இங்கும் நிகழ்ந்திருக்கிறது.

இந்த ஒலிமாற்றத்தை அறிந்தவர்கள் அவசரப்பட்டு, விழுதலைக் குறிக்கும் வடமொழியின் ‘பத்’ என்னும் வேரை, அதாவது ‘பதிதன்’ என்ற சொல்லில் உள்ள வேரை, ‘ஃபால்’ என்பதோடு இணைத்துவிடுவதைப் பார்க்கிறேன். அது பிழை. அந்த வேருக்குப் பறத்தல், விழுதல் என்று இரு பொருள்களும் உண்டு. அதன் ஆங்கில உறவு ‘ஃபெதர்’, அதாவது இறகு. இறகையும் இலையையும் குறித்த வடமொழிப் ‘பத்ர’ என்பதே நம்மிடம் ‘பத்திரம்’ ஆயிற்று என்பதால், நம் வீட்டுப் பத்திரத்துக்கும் ஆங்கிலேயரின் இறகுக்கும் தூரத்து உறவு உண்டு. ‘ஃபால்’ அந்த வீட்டுப் பிள்ளை அன்று. இதேபோல் ‘ஃபெயில்’, ‘ஃபால்ஸ்’ என்னும் பொய், ‘ஃபாலசி’ என்னும் போலி வாதம் ஆகியவையும் ஒலியால் மட்டுமே நெருங்கியவை. அவை ஏமாற்றுதலைக் குறிக்கும் ‘ஃபல்லெரெ’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. தேர்வில் விழுந்தவரை ‘ஃபெயில்’ என்று சொல்வதால் இரண்டும் ஒரே வேரென்று நினைப்பது இயல்பு, ஆனால் உண்மை அதுவன்று.

போரில் மடிவதையும் ‘ஃபால்’ என்று சொல்லும் வழக்கம் பழைய ஆங்கிலக் காலத்திலேயே இருந்தது. மனிதன் விழுந்தால் மரணம் என்பது, நகரம் விழுந்தால் தோல்வி என்று விரிந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்ததும், அதே நாளில் அக்கோட்டைக்குள் போரிட்டுத் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லால் எழுதப்படுகின்றன. தமிழிலும் அப்படியே எழுதுகிறோம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நகரம் ‘விழுந்தது’ என்று எழுதுபவர் தம்மை அறியாமலேயே ஒரு பக்கம் நின்றுவிடுகிறார். 1975 ஏப்ரல் 30 அன்று, அன்றைய தென்வியட்நாமின் தலைநகரான சைகோனில் நடந்ததை மேலைநாட்டு ஏடுகள் ‘வீழ்ச்சி’ என்று எழுதின. வியட்நாம் அரசோ அதை விடுதலை நாளாகவும் நாடு ஒன்றிணைந்த நாளாகவும் கொண்டாடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் இந்தச் சொல்லைக் கடக்கும்போது ஒரு கணம் நிற்பது நல்லது.

இனி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நோய், உறக்கம், காதல், மௌனம், இரை, பலி ஆகிய சொற்களோடு ‘ஃபால்’ சேரும்போது அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒருவர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு, தாமாகத் தீர்மானிக்காமல், போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதே சொல்ல வந்த செய்தி. உறங்கச் செல்வது நம் முடிவு. உறங்கிப்போவது நம் கையில் இல்லை. முன்னதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்க, பின்னதற்கு மட்டும் ‘ஃபால்’ வருவதற்கு இதுவே காரணம். தமிழில் இந்த வேலையைச் செய்வது ‘விழு’ அன்று, ‘படு’ என்பது என் உறுதியான கருத்து. நோய்வாய்ப்பட்டான், காதல்வயப்பட்டாள், கடன்பட்டார், வலையில் அகப்பட்டது என்று சொல்லும்போது ‘படு’ என்பது, செய்தவரைப் பின்னுக்குத் தள்ளி, நேர்ந்ததை முன்னுக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சொல்லுக்கும் ஆதியில் விழுதல், தாழ்தல் என்ற பொருள் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ஞாயிறு படுதல் என்றால் மறைதல். தொல்காப்பியம் நெய்தல் திணைக்குரிய சிறுபொழுதாகக் கூறும் ‘எற்பாடு’ என்பது எல், அதாவது ஞாயிறு, படுகின்ற நேரம். ஈழத்தில் இன்றும் ‘பொழுதுபட்டுவிட்டது’ என்பார்கள். ஆங்கிலேயர் மாலை மயங்குவதை ‘நைட்ஃபால்’ என்கிறார்கள். அவர்கள் இரவை விழச் செய்தார்கள், நாம் பகலவனைப் படச் செய்தோம்.

காதலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘காதலில் விழுந்தேன்’ என்பது ஆங்கிலத்தின் நேர்மொழிபெயர்ப்பு என்று கடிந்துகொள்பவர்கள் உண்டு; அந்தத் தொடரின் அமைப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே, நானும் உரைநடையில் அதைத் தவிர்ப்பேன். ஆயினும் ‘வீழ்’ என்பதற்கும் காதலுக்கும் தமிழில் தொடர்பே இல்லை என்று அவர்கள் மேலும் ஓரடி வைத்தால் திருக்குறள் குறுக்கே நிற்கும். 1191ஆம் குறள் ‘தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்’ என்று தொடங்குகிறது. தாம் விரும்புகின்றவர் தம்மை விரும்பப் பெற்றவர் என்பது அதன் பொருள். இலக்கியத் தமிழில் ‘வீழ்தல்’ என்றால் விரும்புதல். அந்த ‘வீழ்’ தனக்கென்று ஒரு செயப்படுபொருளை நேரே ஏற்கிறது, ஒருவர் இன்னொருவரை வீழ்கிறார்; ஆங்கிலத்திலோ காதல் ஒரு பள்ளம்போல் இருக்க அதற்குள் ஆள் விழுகிறார். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை.

வசமின்மைதான் மையம் என்று சொன்னதற்கு மறுப்பும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. படை பின்வாங்குவதையும், எதிரி மேல் பாய்வதையும், அணிவகுப்பில் வரிசை கூடுவதையும் ‘ஃபால்’ என்பதோடு ஓர் இடைச்சொல்லைச் சேர்த்து ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். இவை அனைத்தும் திட்டமிட்ட செயல்கள். ஆனாலும் இவை ஒரு தனி மனிதரின் விருப்பத்தைப் பேசவில்லை, ஒரு கூட்டம் தனக்குரிய இடத்தில் போய் அமைவதைப் பேசுகின்றன என்பதால் பொது விதியிலிருந்து அதிகம் விலகவில்லை என்றே எண்ணுகிறேன். இதில் கருத்து வேறுபட இடமுண்டு.

பண்டிகை ஒரு கிழமையில் ‘விழுவது’, பொறுப்பு ஒருவர் மேல் விழுவது ஆகியவற்றின் பின்னால் இருப்பது தற்செயல் என்னும் எண்ணம். குலுக்கலில் நமக்குச் சீட்டு விழுகிறது, பரிசு விழுகிறது அல்லவா, அதே எண்ணம்தான். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் விழுதலைக் குறிக்கும் ‘கதெரெ’ என்னும் வினையிலிருந்துதான் ‘ஆக்சிடெண்ட்’, ‘சான்ஸ்’, ‘கேஸ்’ போன்றவை ஆங்கிலத்துக்குக் கிடைத்தன. கிரேக்கத்தில் விழுதலைக் குறிக்கும் வினையிலிருந்து, சேர்ந்து விழுவது அல்லது நேர்வது என்ற பொருளில் ‘சிம்ப்டம்’ பிறந்தது. மருத்துவர் கேட்கும் அறிகுறி என்பது உடம்புக்கு நேர்ந்தது. இலக்கணத்தில் வேற்றுமையையும் கிரேக்கர்கள் ‘வீழ்ச்சி’ என்றே அழைத்தனர். எழுவாய் வடிவத்திலிருந்து பெயர்ச்சொல் சரிவதாக அவர்கள் கண்டனர், உரோமர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டனர். பெயர் பொருளால் வேறுபடுவதைக் கண்டு ‘வேற்றுமை’ என்று பெயரிட்ட நம் இலக்கணிகளின் பார்வை எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. பண்டிகைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: தமிழில் பொங்கல் வெள்ளிக்கிழமை ‘வருகிறது’, வெள்ளிக்கிழமையில் விழுவதில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை கதை எளிது. அறுவடையைக் குறித்த ‘ஹார்வெஸ்ட்’ என்ற சொல்லே ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அந்தப் பருவத்துக்கும் பெயராக இருந்தது. ஜெர்மானியர் இன்றும் அதன் உறவான ‘ஹெர்ப்ஸ்ட்’ என்பதையே வழங்குகின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் ‘இலையின் வீழ்ச்சி’ என்னும் தொடர் பரவியது. 1545இல் ஆங்கில அறிஞர் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை குறித்து எழுதிய நூலில் நான்கு பருவங்களுள் ஒன்றாக இத்தொடர் வருகிறது. அது சுருங்கி ‘ஃபால்’ ஆனது. குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தோ பிரெஞ்சு வழியாக வந்த ‘ஆட்டம்’ என்பதில் நிலைத்துவிட்டு, பிறகு ‘ஃபால்’ அமெரிக்கர்களின் சொல் என்று முகம் சுளித்தது. பழையதைக் காப்பாற்றியவர்கள் அமெரிக்கர்கள்தாம்.

இச்சொல்லைப் பயன்படுத்துவதில் நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் ‘ஃபெல்’. ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலம் ‘ஃபெல்’. ஆனால் மரத்தை வீழ்த்துவதற்கும் ‘ஃபெல்’ என்றே ஒரு நிகழ்கால வினை இருக்கிறது, அதன் இறந்தகாலம் ‘ஃபெல்டு’. ஆகவே மரம் தானாக விழுந்தால் ‘ஃபெல்’, ஒருவர் அதை வெட்டிச் சாய்த்தால் ‘ஃபெல்டு’. இது குழப்பமாகத் தோன்றினாலும் நமக்கு நன்கு பழகிய தன்வினை, பிறவினை வேறுபாடுதான்: வீழ் என்பதற்கு வீழ்த்து, தாழ் என்பதற்குத் தாழ்த்து. தமிழில் இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இறந்து, சில எச்சங்கள் மட்டும் மிஞ்சியுள்ளன. பழைய ஜெர்மானியத்தில் பிறவினையாக்க ஒரு விகுதி சேர்ந்தது. அதிலிருந்த ‘இ’ போன்ற ஒலி முன்னிருந்த அகரத்தை எகரமாக இழுத்தது. பிறகு விகுதி தேய்ந்து மறைந்துவிட, மாறிய உயிர் மட்டும் அடையாளமாக நின்றுவிட்டது. ‘சிட்’ என்பதற்கு ‘செட்’, ‘லை’ என்பதற்கு ‘லே’, ‘ரைஸ்’ என்பதற்கு ‘ரெய்ஸ்’ ஆகிய இணைகளும் இந்த முறையில் பிறந்தவையே. ‘ஃபால்’ மட்டும் செயப்படுபொருளை ஏற்காமல் நிற்பதற்கும், ‘அவன் குவளையை விழுந்தான்’ என்பது இரு மொழிகளிலும் பொருந்தாமல் போவதற்கும் காரணம் இதில் அடங்கியிருக்கிறது; குவளையைக் கைநழுவ விட்டதற்கு ஆங்கிலத்தில் ‘டிராப்’ வர வேண்டும். வட இங்கிலாந்தின் மலைகளைக் குறிக்கும் ‘ஃபெல்’ இவற்றோடு சேராதது. 978 மீட்டர் உயரத்துடன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாக நிற்கும் ஸ்கேஃபெல் பைக்கின் பெயரில் இருப்பது, மலையைக் குறிக்கும், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸ் மொழியின் சொல்.

விலைவாசிச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் ‘ஃபால்’ என்பதை அடுத்து வரும் ‘பை’, ‘டு’ இரண்டையும் கவனிக்க வேண்டும். ‘பை’ வந்தால் அவ்வளவு குறைந்தது, ‘டு’ வந்தால் அந்த அளவுக்குக் குறைந்தது. ஐந்து விழுக்காடு குறைந்ததும், ஐந்து விழுக்காட்டுக்குக் குறைந்ததும் வெவ்வேறு செய்திகள்.

பெயர்ச்சொல்லாக நின்று இது பெற்ற பிள்ளைகளும் பல. ‘விண்ட்ஃபால்’ என்பது காற்று உதிர்த்த பழம். பறிக்கும் உழைப்பின்றிக் கிடைத்ததால் எதிர்பாராத பணத்துக்கும் அப்பெயர். ‘ஃபாலவுட்’ முன்பு பூசலை மட்டும் குறித்தது. அணுகுண்டுக் காலத்தில் அது வானிலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசிக்குப் பெயராயிற்று. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், 23 பேர் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்த பிறகு, உலகம் முழுவதும் செய்தித்தாள்களில் அந்தச் சொல் புழங்கியது. இன்று எந்த முடிவின் பின்விளைவையும் அதனால் குறிக்கிறார்கள்.

நம் ஊர்த் தையற்கடைகளில் புடவையின் கீழ்க்கரையில் வைத்துத் தைக்கும் துணிப்பட்டையையும் ‘ஃபால்ஸ்’ என்கிறோமே, அது தவறான ஆங்கிலமா என்று சிலர் கேட்பதுண்டு. புடவைக்கு அப்பெயர் இந்தியாவில் பிறந்ததுதான். ஆனால் கழுத்திலிருந்து மடிந்து தொங்கும் பட்டையையும், பெண்களின் தொப்பியிலிருந்து தாழும் வலைத்துணியையும் ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் ‘ஃபால்’ என்று அழைத்தார்கள். துணி கீழ்நோக்கிப் படிந்து நிற்கும் விதத்துக்கு அச்சொல் அங்கும் வழங்கியதுதான். ஒரே ஒரு பட்டைக்கு நாம் பன்மை விகுதி சேர்த்துவிட்டோம் என்பது மட்டுமே வேறுபாடு.