டோலமைட் மலைகள்: ஏறுவோர் கேள்விகளும் என் பதில்களும்

இத்தாலியின் வடகிழக்கில் உள்ள டோலமைட் மலைகளில் நடப்பது, ஏறுவது பற்றி வந்த கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

டோலமைட் என்பதும் சுண்ணாம்புக்கல்தானே? ஏறுகிறவருக்கு என்ன வித்தியாசம்?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். டோலமைட்டில் அதோடு மக்னீசியமும் சேர்ந்திருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் சட்டென்று நுரைத்துப் பொங்கும், டோலமைட் லேசாகத்தான் நுரைக்கும். இந்தத் தொடரிலேயே உயரமான மர்மோலாதா (3,343 மீட்டர்) பெரும்பாலும் அசல் சுண்ணாம்புக்கல். அதன் தெற்குச் சுவரில் வழவழப்பான பலகைப் பாறையும் தண்ணீர் அரித்த குழிகளும் இருக்கும். டோலமைட் சுவர்களிலோ விளிம்பு விளிம்பாகப் பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பிடி நிறைய இருக்கிறதே என்று அப்படியே நம்பிவிடாதீர்கள். சாம்பல் நிறப் பாறை பொதுவாகக் கெட்டி. மஞ்சள் நிறம் தெரிகிற இடத்தில் பாறை சமீபத்தில் பெயர்ந்திருக்கும், அங்கே உதிர்வது அதிகம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பிடியை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள். ஹெல்மெட் போடாமல் சுவருக்கு அடியில் நின்று சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏறிப் பழக்கமில்லை. ஆனால் நன்றாக நடப்பேன். எந்தத் தடம்?

ஆல்தா வியா 1. பிராயேஸ் ஏரியில் தொடங்கி பெல்லூனோ வரை சுமார் 120 கிலோமீட்டர், பத்து நாள் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஸ்கியாரா மலையில் மட்டும் பாறையில் பதித்த இரும்புக் கேபிளைப் பிடித்து ஏறும் பாதை (வியா ஃபெர்ராட்டா) வரும், அதைத் தவிர்த்து இறங்கவும் வழி இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் கவனம். மழை எவ்வளவு பெய்தாலும் பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும், மேலே ஓடை கிடைப்பது அரிது. ஒரு ரிஃபூஜியோவிலிருந்து (மலைத் தங்குமனை) அடுத்ததற்குக் கிளம்பும்போதே இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

வியா ஃபெர்ராட்டாவுக்குத் தனி செட் வாங்க வேண்டுமா? என்னிடம் 22 கிலோநியூட்டன் விசை தாங்கும் ஸ்லிங் (நாடா வளையம்) இரண்டு இருக்கிறதே?

வாங்கத்தான் வேண்டும். ஸ்லிங்கை மட்டும் மாட்டிக்கொண்டு இரும்புக் கேபிளில் ஏறக் கூடாது.

மூன்று ட்ரே சீமே சிகரங்களைச் சுற்றி வர எவ்வளவு நேரம்?

அவுரோன்ஸோ ரிஃபூஜியோவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். வடக்குப் பக்கம் போனதும் நின்று சீமா கிராந்தேவின் சுவரைப் பாருங்கள். சிகரம் 2,999 மீட்டர். அந்த வடக்குச் சுவரில் 1933-இல் எமிலியோ கோமிச்சியும் திமாய் சகோதரர்களும் முதன்முதலாக ஏறினார்கள். கீழ்ப்பாதி வெளியே சாய்ந்து நிற்கும் பாறை. நான் பார்த்த சுவர்களில் இதற்கு ஈடு கிடையாது.

மேட்டர்ஹார்ன் ஏற என்ன தயாரிப்பு வேண்டும்?

அது வேறு பாறை, வேறு மலை. அங்குள்ள வழிகாட்டிகளைக் கேளுங்கள்.

ஸ்லிங் பற்றிக் கேட்டவன்தான். என் எடை 75 கிலோ. 22 கிலோநியூட்டன் என்றால் இரண்டு டன்னுக்கு மேல். எப்படி அறும்? அண்ணா, சும்மா பயமுறுத்தாதீர்கள்.

(இன்னொருவர்: என் நண்பர்கள் பல வருடமாக ஸ்லிங்கில்தான் போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.)

சரி, கணக்கையே பார்ப்போம். நீங்கள் சொல்லும் 22, மெதுவாக இழுத்துப் பார்த்த அளவு. விழுகை வேறு. விழும் தூரத்தை, அதைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது விழுகைக் காரணி. கயிறு கட்டிச் சுவர் ஏறும்போது அது 2-ஐத் தாண்டாது. கேபிள் பாதையில், கேபிளைப் பாறையோடு பிடித்திருக்கும் ஆணிக்கும் ஆணிக்கும் இடையில் 3 மீட்டர் என்று வையுங்கள். மேல் ஆணியை எட்டும் நேரத்தில் கை நழுவினால், ஸ்லிங்கைக் கேபிளில் மாட்டும் கொக்கியான காரபினர் 3 மீட்டர் சறுக்கிக்கொண்டு வந்து கீழ் ஆணியில் மோதும். 60 சென்டிமீட்டர் ஸ்லிங் என்றால், நீங்கள் காரபினருக்கு மேலே இருந்த 60, கீழே போகும் 60 சேர்த்து மொத்தம் 4.2 மீட்டர் விழுகிறீர்கள். காரணி 7. டைனீமா என்ற இழையால் ஆன ஸ்லிங் நீளவே நீளாது, அத்தனை வேகமும் ஒரே நொடிப்பொழுதில் ஸ்லிங்கிலும் காரபினரிலும் உங்கள் இடுப்பிலும் இறங்கும். ஆணியில் காரபினர் குறுக்காக மாட்டினால் அதன் பலம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிடும். ஸ்லிங் அறாவிட்டாலும் முதுகெலும்பு தாங்க வேண்டுமே?

செட்டில் ஒரு சின்னப் பை இருக்கும். திறந்து பாருங்கள், உள்ளே பட்டை மடித்து மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். விழும்போது அந்தத் தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்து வேகத்தைத் தின்றுவிடும். ஒரு தையல் பிரிந்திருந்தாலும் அந்த செட் குப்பைக்குத்தான். பழையதை யாரிடமும் வாங்காதீர்கள். 2012-இல் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு பல தயாரிப்பாளர்கள் தங்கள் செட்களைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொரு அன்பருக்கு: உங்கள் நண்பர்கள் இதுவரை விழவில்லை, அவ்வளவுதான்.

என் மகனுக்கு எட்டு வயது, 25 கிலோ. அவனுக்கும் செட் போதுமா?

போதாது. இப்போதுள்ள தரவிதி 40 முதல் 120 கிலோ வரைக்குத்தான். அதற்குக் குறைந்த எடைக்குத் தையல் சரியாகக் கிழியாது. பெரியவர் ஒருவர் மேலிருந்து கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். தெரியாவிட்டால் வழிகாட்டி வையுங்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கலாமா?

கூடாது.

வானிலை அறிக்கையில் மூன்று மணிக்குத்தான் இடி என்றால்?

இதற்கும் அதே பதில்தான். மலையில் இடி அறிக்கையில் போட்ட நேரத்துக்குக் காத்திருக்காது. நீங்கள் பிடித்திருப்பதோ மலை முழுக்க ஓடும் இரும்பு. மதியத்துக்குள் கேபிளை விட்டு இறங்கிவிடுங்கள்.

ரிஃபூஜியோக்கள் எப்போது திறந்திருக்கும்?

பெரும்பாலானவை ஜூன் இருபது வாக்கில் திறந்து செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பின் மூடும். ஆகஸ்டில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆபத்து என்றால் 112.